இரண்டு புரொஜெக்டர், ஒரே திரை: நாடக மேடைக்கான செய்முறை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் நாடகம் போடும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: பின்திரை முழுக்க வீடியோ வரவேண்டும், ஒரு புரொஜெக்டர் போதவில்லை, இரண்டு வைத்தால் நடுவில் கோடு விழுகிறது. என்ன செய்யலாம்?

கோட்டை மறைக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதில் ஆகிற வேலை கொஞ்சம்தான். பெரும்பகுதி அளவு டேப்பும் ஸ்பேனரும் பிடித்துச் செய்யும் வேலை. புதிதாக இறங்குபவர்கள் லேப்டாப்பைத்தான் முதலில் திறக்கிறார்கள். தயவுசெய்து டேப்பிலிருந்து தொடங்குங்கள்.

அளவு

திரை 28 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1920 x 1200 புள்ளி (பிக்சல்) வகைப் புரொஜெக்டரின் படம் 16:10 விகிதத்தில் விழும். 10 அடி உயரத்துக்கு 16 அடி அகலம். இரண்டுக்கும் சேர்த்து 32 அடி. திரை 28 அடிதான் என்பதால், நடுவில் 4 அடிக்கு இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். இந்த 4 அடி வீணில்லை, இங்கேதான் எல்லாம் நடக்கிறது. இடது படம் இந்த இடத்தில் மெல்ல மங்க, வலது படம் மெல்ல ஏறும். இதற்கு எட்ஜ் பிளெண்டிங் என்று பெயர். ஒரு படத்தின் அகலத்தில் 15 முதல் 25 சதவீதம் இப்படி மேலே விழுந்தால் நல்லது.

நம் பாலக்காட்டுக்கு இது புதிதும் அல்ல. பகவதி கோயில் கூத்துமாடங்களில் (கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில்) 42 அடி நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளைத் தேங்காய் மூடிகளில் வரிசையாக ஏற்றி, கம்பராமாயணப் பாட்டுகளோடு தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்தத் திரை ஒன்றாகத் தெரிகிறது.

அடுத்து தூரம். புரொஜெக்டரின் விவரக்குறிப்பில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். அதைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது கிடைக்கும். 1.2 என்றால் 16 அடிப் படத்துக்குச் சுமார் 19 அடி. 0.8 என்றால் 13 அடிக்குள். வாடகைக்குப் பேசும் முன்பே இந்த எண்ணைக் கேளுங்கள்.

வெளிச்சம்: புரொஜெக்டர் தரும் வெளிச்சத்தை லூமன்ஸில் அளப்பார்கள். 5000 லூமன்ஸை ஒரு படத்தின் 160 சதுர அடிக்குப் பரப்பினால், சதுர அடிக்கு 31 லூமன்ஸ். இருட்டான சினிமா தியேட்டரில் திரை வெளிச்சத்துக்கு 14 ஃபுட்லாம்பர்ட் என்பது கணக்கு (சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு ஒரு லூமன் என்பது ஏறக்குறைய ஒரு ஃபுட்லாம்பர்ட்). நடிகர் மேல் விளக்கு எரியும் மேடைக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்பது என் கருத்து. அதனால் 5000க்குக் கீழே போகாதீர்கள்.

நிறுத்துவது

இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். வெவ்வேறு மாடல் என்றால் நிறம் ஒத்துவராது.

முன்னாலிருந்து அடித்தால் உயரத்தில் கட்டி, சாய்வாக அடியுங்கள். நடிகர்கள் திரையைவிட்டு 6 அடியாவது முன்னால் நின்றால் நிழல் திரையில் விழாமல் தரைக்குப் போய்விடும். பின்னாலிருந்து அடித்தால் நிழல் தொல்லையே இல்லை, ஆனால் மேடைக்குப் பின்னால் இடம் வேண்டும். காடாத் துணியும் அதற்கு ஆகாது. லென்ஸின் வெளிச்சம் துணியைத் தாண்டிப் பார்ப்பவர் கண்ணில் குத்தும். அதற்கென்றே இருக்கும் ரியர் ஸ்கிரீன் வாங்குங்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த மேடையில் திரை புடைக்கும், ஸ்டாண்டு ஆடும். ஒற்றைப் புரொஜெக்டர் என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு என்றால், அரை அங்குலம் அசைந்தாலே நடுவில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். திரையை நாலு பக்கமும் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டர்களுக்குத் தனியாகச் சாரக்குழாய் நடுங்கள். மேடைப் பலகையிலோ பந்தல் காலிலோ கட்டவே கூடாது, நடிகர் குதித்தால் படமும் குதிக்கும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

ஒட்டுவது

பொழுது சாய்ந்த பிறகுதான் இது முடியும். அரை மணி நேரம் இரண்டையும் ஓடவிடுங்கள். ஆட்டோ கீஸ்டோன் (கோணிய படத்தைத் தானாக நேராக்கும் வசதி), ஈகோ மோடு, தானாக வெளிச்சம் மாற்றும் வசதி, ஸ்லீப் டைமர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். படத்தை நகர்த்த, லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் போதும். கீஸ்டோன் புள்ளிகளைத் தின்றுவிடும்.

இப்போது இடது புரொஜெக்டரில் சிவப்புக் கட்டங்கள், வலதில் பச்சைக் கட்டங்கள். நடுவில் இரண்டு கோடும் சரியாகப் பொருந்திய இடம் மஞ்சளாகத் தெரியும். பொருந்தாத இடத்தில் சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். திரைக்குக் கிட்டே ஒருவர் நின்று "மேலே, இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று சொல்ல, இன்னொருவர் போல்ட்டைத் திருக வேண்டும். நடுப்பகுதி முழுக்க மஞ்சளாகும் வரை லேப்டாப் பக்கம் போகாதீர்கள்.

மென்பொருளுக்கு ரெசொல்யூம் அரீனா, மேட்மேப்பர் இரண்டில் ஒன்று. மேக் வைத்திருந்தால் கியூலேப். ரெசொல்யூமில் அவென்யூ வாங்கினால் பிளெண்டிங் கிடையாது, அரீனாதான் வேண்டும். நம் கணக்கில் 16 அடிக்கு 1920 புள்ளி, அதாவது அடிக்கு 120. 28 அடிக்கு 3360. வீடியோவை 3360 x 1200 அளவில் தயாரியுங்கள். இடது புரொஜெக்டருக்கு 0 முதல் 1920 வரை, வலதுக்கு 1440 முதல் 3360 வரை. நடுவில் வரும் 480 புள்ளிதான் நம் 4 அடி.

அப்புறம் முழுத் திரைக்கும் வெளிர் சாம்பல் நிறம் கொடுத்துப் பாருங்கள். நடுவில் வெளுத்தாலோ கறுத்தாலோ, மென்பொருளில் காமாவை (படம் மங்கும் வேகத்தை) மாற்றிச் சமப்படுத்துங்கள். கடைசியாகக் கறுப்பு. புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, கொஞ்சம் வெளிச்சம் கசியும். நடுவில் அது இரட்டிப்பாகி ஒரு சாம்பல் பட்டை தெரியும். மற்ற இடங்களில் கறுப்பின் அளவைக் கொஞ்சம் ஏற்றினால் பட்டை மறையும். நட்சத்திர வானம் மாதிரிக் கருங்காட்சிகளைக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

கரண்டும் கேபிளும்

50 அடிக்கு மேல் சாதா எச்டிஎம்ஐ கேபிளை நம்பாதீர்கள். கேட் 6 எக்ஸ்டெண்டர் போடுங்கள். டிம்மர், மைக் இணைப்புகளிலிருந்து விலகித் தனி லைன் வாங்குங்கள். லேப்டாப்புக்கும் புரொஜெக்டர்களுக்கும் யூபிஎஸ் வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் இணைப்பு விட்டுப்போனால், திரும்பி வரும்போது இடதும் வலதும் இடம் மாறிவிடலாம்.

கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு எடுத்தால், வேலந்தாவளம், வாளையாறு மாதிரி ஓரிடத்தில் மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்பதால் டெலிவரி சலானும் இ-வே பில்லும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாடகம் முடிந்ததும் லாம்ப் வகைப் புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, உள்ளே மின்விசிறி நிற்கும் வரை மெயினைத் தொடாதீர்கள். பந்தல்காரர் வயரைக் கழற்றும் அவசரத்தில் இருப்பார். சாயங்காலமே அவரிடம் சொல்லிவையுங்கள்.