கீரிமலைக் கரைக்குப் போவோர் முதல் நாளே போய்விடுங்கள்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள கீரிமலைக்குப் போக எண்ணுபவர்கள் ஊரில் இறங்கிய முதல் நாளே போய்விடுங்கள். காணி, உறுதி, கையொப்பம் என்று எவர் கூப்பிட்டாலும் அது பிறகாகட்டும். மார்கழியில் பத்து நாள் விடுமுறையில் சென்ற நான், அப்பா நீந்திப் பழகிய அந்தக் கற்கரையைக் கடைசி நாள் மாலையில்தான் கண்டேன்.

மற்ற நாள்களில் ஆறு, ஒரு கந்தோரின் வாங்கில் கழிந்தன. அப்பாவின் காணிக்கு அற்றோணித் தத்துவம், அதாவது என் சார்பில் செயற்படும் அதிகாரம், எழுதித் தரும்படி சித்தப்பா கேட்டிருந்தார். உறுதியில் உள்ள பெயருக்கும் வெளிநாட்டில் பெற்ற இறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் ஓரெழுத்து வித்தியாசம் இருப்பதைக் கண்ட இலிகிதர், முதல் நாள் மொழிபெயர்ப்பையும், மூன்றாம் நாள் சத்தியக் கடதாசியையும், ஐந்தாம் நாள் அப்பாவின் பிறப்புப் பதிவையும் கேட்டார். மூன்றையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் ஒன்றாகவே கொடுத்திருப்பேன். பெயர் வேறுபாடு உள்ளவர்கள் இவற்றைப் புறப்படும் முன்பே ஆயத்தப்படுத்துங்கள். எனக்குச் சித்தப்பாமீதும் கோபம் வந்தது. ஆனால் 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதும் திரும்பி வந்து பற்றை வெட்டி வேலி அடைத்தவர் அவர்தான்; அந்த வேலிக்கு நான் ஒரு சதமும் அனுப்பவில்லை.

கரையில் கவனிக்க வேண்டியது கல். நன்னீர்க் கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சுவர்தான். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் நிலத்தடியில் வழிதேடி அங்கே ஊறுகிறது. அதே கல்லை மறுபுறம் கடல் அரிக்கிறது. இங்கே கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், அலை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஆண்டாண்டாக அடித்துப் பாறையின் அடியைக் குடைந்துவிடுகிறது. மேலே திடமாகத் தெரியும் விளிம்பின் கீழ் வெறும் பொந்து இருக்கலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் படம் எடுப்பதற்காக அந்த விளிம்புக்குப் போகவே வேண்டாம். மழையும் உப்பும் தின்ற மேற்பரப்பு ஊசி ஊசியாக நிற்கும், ஈரமான இடத்தில் பாசி வழுக்கும். தடித்த அடியுள்ள சப்பாத்து அணியுங்கள்.

சித்தப்பா வெறுங்காலோடு, என் மணிக்கட்டைப் பிடித்தபடி முன்னே நடந்தார். “அண்ணை இதிலையிருந்துதான் பாயிறவர்” என்று அவர் காட்டிய இடத்தில் விளிம்பு இல்லை. உடைந்து விழுந்த கல் அரைவாசி நீருக்குள் கிடந்தது. அலை விலகும்போதெல்லாம் சிறு நண்டுகள் அதன்மேல் ஏறின. கொழும்புக்குப் புறப்பட வேண்டிய வான் தெருவில் நின்று ஹோர்ன் அடிக்க, நான் கேணியில் கால்கூட நனைக்காமல் திரும்பினேன்.