துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு: பச்சைப்பிள்ளையை முதல் மாதம் பராமரிக்கும் முறை

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் முதல் பிள்ளை பெற்றவர்களின் கவலை. உண்மையில் பிள்ளைக்கு இப்போது தேவையானவை கொஞ்சம்தான்: பால், சூடு, சுத்தமான கை, கவனித்துப் பார்க்க ஒரு ஆள். தாய்க்குக் காயச்சரக்கு, பத்தியக்கறி, வேப்பிலைத் தண்ணீர் என்று நம் வீடுகளில் செய்வதைத் தாராளமாகச் செய்யுங்கள். பிள்ளையின் வாய், மூக்கு, கொப்பூழ் மூன்றிலும் மட்டும் யாரும் கைவைத்தியம் செய்யக் கூடாது.

1. வந்த அன்று

உங்கள் பகுதி மிட்வைஃபுக்குப் பிள்ளை வந்துவிட்டதைப் போனில் சொல்லுங்கள். முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் தந்த சுகாதார விருத்திப் பதிவேட்டில் பிறந்த நிறையும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியும் பதியப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஊசி போட்ட இடத்தில் சில கிழமைகளில் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். அதற்கு மருந்து பூச வேண்டாம்.

அலுமாரியில் பூச்சி உருண்டையோடு வைத்திருந்த பழைய சேலையையும் உடுப்பையும் அப்படியே பிள்ளைக்குப் பாவிக்காதீர்கள். உருண்டையில் நப்தலீன் இருந்தால், சில பிள்ளைகளுக்கு அது இரத்தத்தை உடைத்து செங்கண்மாரியைக் கடுமையாக்கும். தோய்த்தாலும் மணம் முழுதாகப் போவதில்லை. அந்தத் துணிகளை விட்டுவிட்டு வேறு பருத்தித் துணி எடுங்கள்.

2. பால் கொடுத்தல்

இதில்தான் கூடுதல் நேரமும் பொறுமையும் தேவை. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை, இரவிலும். பிள்ளை அழும்வரை காத்திருக்காதீர்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையைத் திருப்பித் தேடுவதுமே பசிக் குறி. அழத் தொடங்கினால் பிறகு பிடிக்க வைப்பது கஷ்டம்.

பிடிக்க வைக்கும் விதம்: பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும் நேரம் பிள்ளையை மார்புக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனியாதீர்கள். சரியாகப் பிடித்தால் நாடி மார்பில் அமரும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்கும். கன்னம் குழி விழுந்தாலோ, காம்பு தொடர்ந்து வலித்தாலோ, சுண்டுவிரலை வாயோரம் விட்டு மெதுவாக எடுத்துத் திரும்பப் பிடிக்க வையுங்கள்.

முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறக் கெட்டிப் பால் கொஞ்சம்தான் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த பால் அது. ஒரு துளிகூடப் பீச்சி வீசாதீர்கள்.

"ஒரு சொட்டுச் சேனை நாக்கிலை தடவினால் என்ன பிள்ளை?" என்று அம்மம்மா ஆசையாகக் கேட்பார். சேனை, தேன், சீனித்தண்ணீர், கிரைப் வாட்டர், எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயது ஆகும்வரை பிள்ளையின் குடலில் நஞ்சு உண்டாக்கக் கூடியது. வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் இறங்கியதால், பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். பச்சைப்பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலுவை அது குறைத்துவிடும். வைத்தியர் சொல்லி மாப்பால் கரைக்க நேர்ந்தால், எந்தத் தண்ணீர் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

தாய் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூட. அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும்.

3. பால் போதுமா என்று பார்த்தல்

முதல் சில நாளில் நிறை கொஞ்சம் குறையும், இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். கரிய மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போனால் பால் போதும்.

4. கொப்பூழ்

வசம்பு, சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். உலர்ந்திருக்க விடுங்கள். நப்பியைக் கொப்பூழுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் தானே விழும், இழுக்காதீர்கள்.

5. குளிக்க வார்த்தல்

பேசினில் முதலில் பச்சைத்தண்ணீரை விட்டு, பிறகு சுடுதண்ணீரைக் கலவுங்கள். முழங்கையை விட்டுப் பாருங்கள், இளஞ்சூடாகத் தெரிந்தால் சரி. காற்று அடிக்காத இடத்தில் ஐந்து நிமிடத்தில் முடித்து, தலையை முதலில் துடையுங்கள். மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும், மூக்கை நீவி உயர்த்துவதும் வேண்டாம். பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்க வேண்டாம். தாயின் ஹோர்மோனால் வந்த வீக்கம், தானே வற்றும். பெண் பிள்ளைக்கு முதல் கிழமையில் பிறப்புறுப்பில் சொட்டு இரத்தம் படுவதும் அப்படித்தான்.

சாம்பிராணிப் புகையையும் நுளம்புத்திரிப் புகையையும் அந்த அறையிலிருந்து விலக்குங்கள். நுளம்புக்கு வலை போதும். மாரி தொடங்கினால் டெங்கும் கூடுவதால் பகலிலும் போடுங்கள்.

6. நித்திரை

எப்போதும் மல்லாத்தி, தட்டையான இறுகிய படுக்கையில், தலையணை இல்லாமல். ஏணையில் கழுத்து மடிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும், ஆகவே இந்த முதல் கிழமைகளில் ஏணை வேண்டாம். பிறகு கட்டினாலும் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

7. செங்கண்மாரி

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, தோல் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் லேசான மஞ்சள் பெரும்பாலும் இரண்டு கிழமையில் போய்விடும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை இறங்கினாலோ, மலம் வெளிறினாலோ அன்றே ஆஸ்பத்திரி. காலை வெயிலில் காட்டி நாட்களைக் கடத்தாதீர்கள்.

8. உடனே போக வேண்டியவை

பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழும்பாத சோர்வு, கமக்கட்டில் 37.5 பாகைக்கு மேல் சூடு, அல்லது உடம்பு குளிர்ந்து போதல், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுத்தல், வலிப்பு, உதடு நீலமாதல், கொப்பூழைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ். இதில் ஒன்று கண்டாலும் பனடோல் கொடுத்துப் பார்க்காதீர்கள், கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் தொட அணைத்து, மேலே போர்த்து, முகம் வெளியே தெரியக் கொண்டுபோங்கள்.