கனகாலம் நின்ற சைக்கிளை எடுக்கிறீர்களா?
முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். டயர் நல்லது, ஆனால் காற்று ஒரே இரவில் இறங்குகிறதென்றால் உடனே ஒட்டுப்போடக் கொடுக்காதீர்கள். பழைய வகை வால்வைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். பெரும்பாலும் அதுதான் காய்ந்து பிய்ந்திருக்கும். புதியதைத் தண்ணீர் தொட்டு ஏற்றுங்கள்.

மட்டக்களப்பு உப்புக்காற்றில் செயின் துருவேறி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் கடற்கரை மணல் ஒட்டி செயினைத் தின்னும். பிரேக் கட்டை கல்லாகியிருந்தால் மாற்றுங்கள்.

குதிக்காலைக் கீழ்மிதியில் வைத்தால் கால் நேராக நிற்கும் உயரமே சீற்றுக்குச் சரி. தாழ்ந்தால் முழங்கால் நோகும். முதல் வாரம் வெயிலேற முன் இருபது நிமிடம், கல்லடிப் பக்கம் போய் வந்தால் போதும்.