விஎஸ் கோடில் ஷார்ட்கட் மாற்றும் முன் கீ யார் கையில் என்று பாருங்கள்

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் ஷார்ட்கட் மாற்றுவது அரை நிமிட வேலை. மாற்றியது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில்தான் பொழுது போகும். பெரும்பாலும் அந்த கீயை வேறு ஒன்று ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும்.

கண்ட்ரோல்+கே, உடனே கண்ட்ரோல்+எஸ் (மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்) அழுத்தினால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள கீபோர்டு ஐகானைக் கிளிக் செய்து, உங்கள் மனதில் உள்ள கீயைத் தட்டிப் பாருங்கள். அதைப் பயன்படுத்தும் கட்டளைகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

ஓர் உதாரணம். விண்டோஸில் வரியை அழிக்கும் 'டெலீட் லைன்' கட்டளைக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கே இருக்கிறது. அதை கண்ட்ரோல்+டிக்குக் கொண்டுவர வேண்டுமா? கட்டளையின் பெயரைத் தேடி, அந்த வரிசையை டபுள் கிளிக் செய்து, புதிய கீயை அழுத்தி என்டர் தட்டுங்கள். பழைய கீ கழன்றுவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து 'ஆட் கீபைண்டிங்' எடுங்கள். என்டர் தட்டும் முன் அந்தச் சின்னப் பெட்டியிலேயே, இந்த கீ வேறு கட்டளைக்கும் இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். பலர் அதைப் படிப்பதே இல்லை. கண்ட்ரோல்+டி ஏற்கெனவே அதே சொல்லின் அடுத்த இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் கீ. அதை இழக்கத் தயாரா என்று யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

எந்த கீ, எந்தக் கட்டளை, எந்த நிபந்தனையில் என்று சொல்லும் ஒவ்வொரு ஷார்ட்கட்டும் ஒரு விதி. விதிகள் கீழிருந்து மேலாகப் பார்க்கப்படும். கீயும் நிபந்தனையும் பொருந்தும் முதல் விதியோடு தேடல் நின்றுவிடும். உங்கள் விதிகள் எப்போதும் கடைசியில் சேர்வதால் அவையே ஜெயிக்கும். நிபந்தனை பொருந்தாத இடத்தில் மட்டும் பழையது தலைகாட்டும். வரியை அழிப்பதற்கு 'கோப்பு ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) இருக்கக் கூடாது' என்ற நிபந்தனை உண்டு. ஆகவே ரீட்-ஒன்லி கோப்பில் கண்ட்ரோல்+டி தட்டினால் வரி அழியாது, சொல் தேர்வாகும். இது குழப்பினால் பழைய கட்டளையின் வரிசையில் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் கீபைண்டிங்' கொடுத்துவிடுங்கள். இந்த விதிகள் சேமிக்கப்படும் ஜேசன் கோப்பில் நேரடியாக எழுதுபவர்கள் கட்டளைப் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் அதே வேலை நடக்கும்.

நிபந்தனை இல்லாமல் விதி எழுத வேண்டாம். அந்த கீ எடிட்டருக்கு வெளியேயும் குறுக்கே வந்து நிற்கும்.

கண்ட்ரோல்+கே-யைத் தனியாக எதற்கும் கொடுக்காதீர்கள். அதில் தொடங்கும் இரட்டை ஷார்ட்கட்கள் அத்தனையும் செத்துவிடும். மாறாக, அதையே முன்னால் வைத்து இரண்டாவதாக ஓர் எழுத்து சேர்த்தால் காலியான இடங்கள் நிறையக் கிடைக்கும். விண்டோஸில் கண்ட்ரோல்+ஆல்ட் கூட்டணியையும் தவிர்ப்பது நல்லது. வலப்பக்க ஆல்ட்-ஜிஆர் கீயை விண்டோஸ் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சில கீபோர்டு அமைப்புகளில் எழுத்தே தட்ட முடியாமல் போகும். மேக்கில் கண்ட்ரோல்+ஸ்பேஸ் மொழி மாற்றும் கீ. தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்கு அது எடிட்டருக்கு வந்தே சேராது.

எடிட்டரில் ஓடும் ஷார்ட்கட், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் பகுதியில் ஓடவில்லையா? அங்கே கீ, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குப் போய்விடுகிறது. செட்டிங்ஸில் 'கமாண்ட்ஸ் டு ஸ்கிப் ஷெல்' என்று தேடி, கட்டளையின் ஐடியைச் சேர்த்துவிடுங்கள். ஐடியைக் கையால் தட்ட வேண்டாம். ஷார்ட்கட் பட்டியலில் ரைட் கிளிக் செய்தால் 'காப்பி கமாண்ட் ஐடி' இருக்கிறது.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தி, 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்ற கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு கீ அழுத்தத்துக்கும் எந்த விதி பொருந்தியது என்று லாக் ஓடும். அழுத்தியும் லாகில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், கீயை இயங்குதளமோ பின்னணியில் ஓடும் வேறு மென்பொருளோ முன்பே விழுங்கிவிட்டது. எடிட்டருக்குள் எதை மாற்றியும் பயனில்லை.

கணினிகளுக்கிடையே அமைப்புகளை ஒன்றாக வைக்கும் செட்டிங்ஸ் சிங்க் போட்டிருந்தாலும் விண்டோஸில் செய்த ஷார்ட்கட் மாற்றம் மேக்குக்குப் போகாது. 'கீபைண்டிங்ஸ் பெர் பிளாட்ஃபார்ம்' டிக்கை எடுத்தால் போகும், ஆனால் கண்ட்ரோல் கண்ட்ரோலாகவே போகும், கமாண்டாக மாறாது.