ஆம்புலன்ஸில் வலி நிவாரணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன விபத்தில் கால் முறிந்த ஒருவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், வலியை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதே இருப்பதிலேயே பெரிய தவறு. மாலை நெரிசலில் அந்தப் பயணம் நீண்டுகொண்டே போகலாம். அதுவரை வலியால் துடிப்பவரின் இதயத் துடிப்பு ஏறும். அவர் புரளப் புரள, முறிந்த எலும்பின் முனை சுற்றியுள்ள தசையையும் குத்திக் கிழிக்கும்.

வலி நிவாரணம் என்றாலே ஊசிதான் என்று நினைப்பது அடுத்த தவறு. முறிவுக்கு முதல் மருந்து ஸ்பிளின்ட், அதாவது முறிந்த பகுதியை அசையாமல் பிடிக்கும் தாங்கு கட்டு. முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால், முழங்கால், கணுக்கால் ஆகிய இரு மூட்டுகளும் அசையாதபடி கட்டு அமைய வேண்டும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் பாதத்தில் நாடி தட்டுகிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டாமல் ஏற்றினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அலறுபவர், ஒழுங்காகக் கட்டிய பிறகு அதே சாலையில் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வார். கூட்டத்தில் யாரேனும் காலை நேராக்குவதாகச் சொல்லி இழுக்க வந்தால், தயங்காமல் தடுத்துவிட வேண்டும். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் காட்டுவதே முதல் நிவாரணம். பற்பசை, பேனா மை, ஐஸ் கட்டி எதுவும் கூடாது.

மருந்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே என்ன விழுங்கினார் என்று கேட்காமல் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பாராசிட்டமால் நல்ல மருந்து. 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 1 கிராம், 15 நிமிடத்தில் டிரிப்ஸாக ஏற்றலாம். ஆனால் வீட்டிலேயே 650 மி.கி. மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு வந்தவருக்கு உடனே இன்னொரு முழு அளவு தருவது சரியல்ல. 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். டைக்ளோஃபெனாக் ஊசி சிறுநீரகக் கல் வலிக்கு நன்றாகக் கேட்கும். டெங்கு சந்தேகம், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு ஆகியவற்றில் அதைத் தொடக்கூடாது. நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று முடிவுகட்டி அந்த ஊசியைப் போடுவது மிகவும் ஆபத்தானது.

கடும் வலிக்கான மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. 2018இல் டிரமடாலும் அதற்குள் வந்தது. ஆகவே எல்லா வண்டியிலும் இவற்றை எதிர்பார்க்க முடியாது. இருக்கும் வண்டியில், மூச்சு நின்றுவிடும் என்ற அச்சத்தால் அறவே தவிர்ப்பதும் தவறு. ரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்குத் தசையில் போடுவது அதைவிடத் தவறு. ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்போது தசையிலேயே தேங்கும் மருந்து, அழுத்தம் ஏறியதும் மொத்தமாக ரத்தத்தில் கலந்துவிடும். மருத்துவரின் உத்தரவின்படி ரத்தக் குழாய் வழியே சிறிது சிறிதாகக் கொடுத்து, மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்து, இவற்றுக்கு மாற்று மருந்தான நலாக்சோனைக் கையருகில் வைத்திருப்பதே முறை. பிரிட்டனில் ஆம்புலன்ஸ்களில் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு, ஆக்சிஜன் பாதிக்குப் பாதி கலவையும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. நெஞ்சில் அடிபட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அந்த வாயு உள்ளே புகுந்து அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

வயிற்றுவலிக்கு வலி மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை.

சத்தம் போடாதவருக்கு வலியில்லை என்று கணிப்பதும் வழக்கமாகிவிட்டது. "ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லும் முதியவருக்கு இடுப்பெலும்பே முறிந்திருக்கலாம். தமிழ் தெரியாத வட மாநிலக் கட்டடத் தொழிலாளியிடமும் குழந்தையிடமும் வலியின் அளவைக் குறிக்கும் முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். மற்றவரிடம் 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்கலாம். மருந்து கொடுத்தபின் மறுபடியும் கேட்டு, மருந்தின் பெயர், அளவு, நேரம், முந்தைய எண், பிந்தைய எண் ஆகியவற்றைக் குறித்து, மருத்துவமனையில் நோயாளியைப் பெறுபவரின் கையில் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். உடன் வரும் உறவினர், நோயாளி போட்டுக்கொண்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துவந்தால் பாதிக் குழப்பம் தீரும்.