அக்ஸ்பிரிட்ஜுக்கு வீடு மாறுகிறவர்களுக்கு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகைக்கு இருந்து அலுத்தவர்கள் பலர் இப்போது காணியோடு வீடு தேடி வடக்கே பார்க்கிறார்கள். ஸ்டவுவில்லைத் தாண்டி 47ஆம் இலக்கச் சாலையில் போனால் அக்ஸ்பிரிட்ஜ் டவுன்ஷிப் (ஓர் உள்ளூராட்சிப் பகுதி) வரும். பெயர் டவுன்ஷிப் என்றாலும் நடுவில் ஒரு சிறு பட்டணம்தான். மற்றதெல்லாம் காடு, வயல், குட்வுட், ஸெஃபர், லீஸ்க்டேல் போன்ற சின்னச் சின்ன ஊர்கள். மொத்தம் 21,000 பேருக்குச் சற்று மேல்.

முதலில் சாலைகளைப் படித்துக்கொள்ளுங்கள். 'கன்செஷன் 6', 'கன்செஷன் 7' என்று எண்ணிட்ட சாலைகள் வடக்கு தெற்காக, ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஓடும். நிலத்தைக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுக்க 200 வருடங்களுக்கு முன் அளவையாளர்கள் போட்ட கோடுகள் அவை. பென்சில்வேனியாவில் இருந்து வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆரம்பக் குடியேறிகளில் முக்கியமானவர்கள். அவர்கள் 1820இல் கட்டிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே இது பழங்குடி மக்களின் நிலம். அவர்களோடு அரசு 1923இல் செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் இந்தப் பகுதியும் அடக்கம்.

தெற்குப் பாதி ஓக் ரிட்ஜஸ் மணல்மேடு. மழைநீரை வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்புவது இதுதான். இதன் வடக்கே விழும் தண்ணீர் சிம்கோ ஏரிக்கும், தெற்கே விழுவது ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. 2001இன் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இங்கே நினைத்த இடத்தில் கொட்டகை போட முடியாது. காணி வாங்கும் முன்பே டவுன்ஷிப் திட்டமிடல் பிரிவில் விசாரியுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது கிணறு. பட்டணத்துக்குள் குழாய்த் தண்ணீர் உண்டு. வெளியே போனால் உங்கள் கிணறு, உங்கள் செப்டிக் டேங்க், உங்கள் பொறுப்பு. ஊர்க் கிணறு போல வாளி போட்டு இறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குழாய்க் கிணறும் மின்சார மோட்டாரும்தான். 2022 மே 21 அன்று சூறாவளி அடித்தபோது எங்களுக்கு அது நன்றாக உறைத்தது. மின்சாரம் போனதும் தண்ணீரும் போய்விட்டது, கழிவறைக்கு ஊற்றக்கூட இல்லை. அன்றிலிருந்து நிலவறையில் நான்கு பெரிய கேன் தண்ணீர் எப்போதும் இருக்கும். குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று மாகாண ஆய்வகம் இலவசமாகச் சோதித்துத் தரும். போத்தலைப் பொதுச் சுகாதாரப் பிரிவில் வாங்கலாம். ஆனால் வயல் உரத்தில் இருந்து வரும் நைட்ரேட்டை அந்தச் சோதனை பார்க்காது. அதற்குத் தனியார் ஆய்வகத்தில் காசு கட்டத்தான் வேண்டும்.

சரி, எதற்கு யாரைக் கேட்பது? இங்கே அதிகம் குழம்புவது இதில்தான். உள்ளூராட்சி இரண்டு அடுக்கு: கீழே டவுன்ஷிப், மேலே டர்ஹம் பிராந்தியம். 1974இல் டர்ஹம் பிராந்தியம் உருவானபோது அக்ஸ்பிரிட்ஜ் பட்டணமும் பழைய அக்ஸ்பிரிட்ஜ், ஸ்காட் டவுன்ஷிப்புகளும் ஒன்றாக்கப்பட்டன. உள்ளூர்ச் சாலை, தீயணைப்பு, நூலகம், கட்டட அனுமதி எல்லாம் டவுன்ஷிப். போலீஸ், குழாய்த் தண்ணீர், குப்பை, பிராந்தியச் சாலை எல்லாம் டர்ஹம். முதல் குளிரில் பனி அள்ளவில்லை என்று நான் டவுன்ஷிப்புக்குப் போன் போட்டேன். "அது பிராந்தியச் சாலை" என்று பொறுமையாகச் சொல்லி எண் கொடுத்தார்கள். வீட்டு வரி பில்லைப் பாருங்கள்: டவுன்ஷிப், பிராந்தியம், கல்வி என்று மூன்று வரி தனித்தனியாக இருக்கும். வசூலிப்பது மட்டும் டவுன்ஷிப்.

டவுன்ஷிப் சபையில் மேயர், பிராந்தியக் கவுன்சிலர், ஐந்து வட்டாரக் கவுன்சிலர்கள் என்று மொத்தம் ஏழு பேர். மேயரும் பிராந்தியக் கவுன்சிலரும் டர்ஹம் சபையிலும் உட்காருவார்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை அக்டோபரில் தேர்தல். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) போதாது. ஆனால் முன்கூட்டியே டவுன்ஷிப் கிளார்க்கிடம் பதிவு செய்தால், குடியுரிமை இல்லாதவரும் சபைக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். ஊரில் பிரதேச சபை வாசலில் நின்று பழகிய நமக்கு முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும்.

அப்புறம், வடக்கே போகும்போது ஃபாஸ்டர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ரொறன்ரோவின் முன்னாள் மேயர் தாமஸ் ஃபாஸ்டர், இந்தியாவில் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்து, மனைவிக்கும் மகளுக்குமாக 1930-களில் கட்டியது. சோள வயல் ஓரத்தில் திடீரென்று குவிமாடம் தெரியும்.