மீந்த விருந்தை ஓவனில் வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

விருந்துக்கு மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தெரிவது ஏறக்குறைய ஒரே காட்சிதான். எலும்போடு ஒட்டியிருக்கும் வாட்டிய கோழி, ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கு, ஆடை கட்டி உறைந்த கிரேவி, யாரும் தொடாத கேரட்டும் பீன்ஸும், ஓரம் காய்ந்த பிரட். எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு, மேலே சீஸைத் தூவி ஓவனுக்குள் தள்ளினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வருவதோ மேலே கருகி, நடுவில் சில்லென்று இருந்து, அடியில் தண்ணீர் நிற்கும் ஏதோ ஒன்று. நானும் அப்படிப் பலமுறை செய்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் விழித்திருக்கிறேன்.

தட்டில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே வெந்தது என்பதை மறப்பதால்தான் பாதிக்கு மேல் கெடுகிறது. பச்சைக் கறிக்கும் பச்சைக் காய்க்கும் போடும் கணக்கு இதற்குச் செல்லாது. இங்கே ஓவனுக்கு மூன்று வேலைதான்: நடுப்பகுதிவரை சூடேற்றுவது, உதிரியாகக் கிடப்பதை ஒன்றாகப் பிடிக்கவைப்பது, மேல்பகுதியை முறுகவைப்பது. வேகவைக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் கறி நாராகும், காய் கூழாகும்.

முதல் தவறு முந்தின இரவிலேயே

எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கறித்தட்டும் கிரேவிச் சட்டியும் மேசையிலேயே இருக்கின்றன. தூங்கப்போகும்போதுதான் அவை ஃப்ரிட்ஜுக்குள் போகின்றன. மறுநாள் செய்யப்போகும் சாப்பாட்டின் விதி அந்த இடைவெளியில் முடிவாகிவிடுகிறது. சமைத்த உணவு அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிற நாளென்றால் 1 மணி நேரம்தான். ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை உள்ள சூடு பாக்டீரியா பெருகுவதற்குத் தோதானது.

"எப்படியும் ஓவனில் கொதிக்கப்போகிறதே, எல்லாம் செத்துவிடும்" என்று நினைப்பவர்கள் நிறைய. பாக்டீரியா செத்துவிடலாம், அது உள்ளே விட்டுப்போன நஞ்சு போகாமலே நின்றுவிடலாம். சோற்றிலும் பாஸ்தாவிலும் பெருகும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நஞ்சு, அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. பெரிய சட்டியில் மெதுவாக ஆறும் கறிக்கும் கிரேவிக்கும் வேறொரு எதிரி உண்டு, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். சமைக்கும் சூட்டில் பிழைத்துக்கொள்ளும் அதன் வித்துகள், சட்டி ஆறும்போது முளைத்து வேகமாகப் பெருகிவிடும். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். கறியை எலும்பிலிருந்து பிரித்து, கிரேவியை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் ஊற்றி, சூடு கொஞ்சம் தணிந்ததுமே ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். முழுதாக ஆறட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

எலும்பை அன்றிரவே பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர்ந்து இறுகிய கறியை மறுநாள் எலும்பிலிருந்து பிய்ப்பது பெரும்பாடு.

ஈரம் வேண்டாத இடத்தில் அதிகம், வேண்டிய இடத்தில் இல்லை

மீந்ததை வைத்து ஓவனில் செய்யும் உணவில் கறி வறண்டு கிடக்கும், தட்டின் அடியிலோ தண்ணீர் நிற்கும். இரண்டும் ஒன்றாக நடப்பதைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். கறி ஏற்கெனவே ஒருமுறை சாறு விட்டுவிட்டது, இனி விடுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் விடுவது காய்கள். வதக்கிய கீரை, சுரைக்காய் இனம், காளான், தக்காளி எல்லாம் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்ததும் நீர் கக்கும். அந்த நீரை அப்படியே தட்டில் கொட்டுவது தவறு. வடிகட்டி, கீரையாக இருந்தால் கையால் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். உப்பு அளவாக இருந்தால் வடித்த நீரை சாஸுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கறியை எப்போதும் சாஸுக்குள் மூழ்கவைக்க வேண்டும். மேலே தலைநீட்டும் துண்டுகள்தான் முதலில் தோலாகிப்போகும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. மறுநாள் சூடுபண்ணிய கோழியில் ஒரு பழைய வாடை வருமே, அதற்குக் காரணம் கறியில் உள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதுதான். வெந்த கறியிலிருந்து வெளிப்படும் இரும்பு அதைத் துரிதப்படுத்துகிறது. கறியைப் பிரித்த கையோடு கொஞ்சம் கிரேவியில் புரட்டி மூடிவைத்தால், காற்று படாமல் அந்த வாடை வெகுவாகக் குறையும்.

கிரேவி போதவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி நீட்டிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள், ஓவனில் அது கெட்டிப்படாது. 40 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே 40 கிராம் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிடம் வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் ஒயிட் சாஸ் ஆயிற்று. ஒருமுறை கொதி வரவேண்டும், அப்போதுதான் மாவு முழுதாகக் கெட்டிப்படும். நேற்றைய கிரேவியை இதில் கலந்துவிடலாம். 600 கிராம் கறி, காய்க் கலவைக்கு இது தாராளம். கரண்டியில் எடுத்துச் சரித்தால் மெதுவாக வழிய வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் கொஞ்சம் அடுப்பில் இருக்கட்டும். எலுமிச்சையோ தக்காளியோ சேர்ப்பதாக இருந்தால் கடைசியில், அடுப்பை அணைத்தபின்.

கொழுப்பு நீக்கிய பாலையும் தயிரையும் நேராக ஓவனில் நம்ப வேண்டாம், திரிந்துவிடும்.

மசித்த உருளைக்கிழங்கு என்னும் சோதனை

ஃப்ரிட்ஜில் இருந்த உருளை மசியல் பாறைபோல இறுகியிருக்கும். ஆறிய மாவுச்சத்து தன்னைத்தானே மறுபடி இறுக்கி அடுக்கிக்கொள்வதால் அப்படி ஆகிறது. இதைப் பார்த்ததும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றத் தோன்றும். நானும் சுற்றினேன். வந்தது பசை. சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். கத்தி வேகமாகச் சுழலும்போது கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. அதன்பின் எதைச் சேர்த்தாலும் மீளாது.

சிறிது பாலையும் வெண்ணெயையும் ஒரு பாத்திரத்தில் சூடாக்கி, அதில் மசியலைப் போட்டுச் சின்னத் தீயில் மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். இளகி வந்ததும் ஒரு முட்டை மஞ்சள் கருவைச் சேர்த்தால் மேலே நன்றாகச் சிவக்கும். தட்டில் பரப்பும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் மொத்தமாகக் கொட்டினால் கலவைக்குள் மூழ்கி, சாஸ் ஓரங்களில் பொங்கி ஓவன் முழுக்க வழியும். முள்கரண்டியால் மேலே கோடு இழுத்துவிட்டால் அந்த மேடுகள் முறுகும்.

பாஸ்தா மீந்திருந்தால் வேறு கதை. அது ஏற்கெனவே வேண்டிய அளவு நீர் குடித்துவிட்டது, ஓவனில் இன்னும் குடிக்கும். அதனால் சாஸ் வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும், நேரமும் குறையட்டும். நேற்றே குழைந்துபோனதை பேக் செய்து காப்பாற்ற முடியாது.

காய்ந்த பிரட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கையால் பிய்த்து, உருக்கிய வெண்ணெயில் புரட்டி மேலே தூவுங்கள். வெண்ணெய் இல்லாமல் வெறுந்தூளைத் தூவுவதால்தான் அது முறுகாமல் மணல்போல நிற்கிறது.

குளிர்ந்ததை அப்படியே ஓவனில் வைப்பது

என் அனுபவத்தில் இதுதான் பெரிய தவறு. எட்டு சென்டிமீட்டர் ஆழமான பாத்திரத்தில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கலவையை அழுத்தி நிரப்பி, 220 டிகிரியில் வைத்தால் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் மேல்பகுதி கருகிவிடும். சீஸ் கொப்பளிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். நடுவில் அது இன்னும் நேற்றைய ஃப்ரிட்ஜ்தான்.

கறி, காய், சாஸ் மூன்றையும் முதலில் அடுப்பிலேயே ஆவி பறக்கச் சூடாக்கிவிடுங்கள். பிறகு 5 சென்டிமீட்டருக்கு மிகாத ஆழத்தில் பரப்பி, மேல்பூச்சு போட்டு, முன்பே சூடேறிய 200 டிகிரி ஓவனில் 15, 20 நிமிடம் வைத்தால் போதும். முறுகவைப்பது மட்டுமே ஓவனுக்கு மிச்சமிருக்கும் வேலை. முன்கூட்டியே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் 180 டிகிரியில் ஃபாயிலால் மூடி 30, 40 நிமிடம், பிறகு மூடியைத் திறந்து 10 நிமிடம். எந்த வழியானாலும் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது வரும்வரை, கத்தி நுனியை நடுவில் பத்து விநாடி குத்திவைத்து, எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கையை உதறவைக்கும் சூடு இருக்க வேண்டும். இது தோராயமான சோதனைதான்.

கண்ணாடித் தட்டைக் குளிரிலிருந்து நேராகக் கொதிக்கும் ஓவனுக்குக் கொண்டுபோகாதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் அது வெடிக்கும். அடுக்கியதை ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால் உலோகத் தட்டில் வையுங்கள். தக்காளி சாஸ் போட்டிருந்தால் ஃபாயில் அதன்மேல் படாமல் இருக்கட்டும். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும்.

உப்பு, சீஸ், எல்லாவற்றையும் கலக்கும் ஆசை

கிரேவியில் உப்பு, கறியில் உப்பு, மசியலில் உப்பு, சீஸிலும் உப்பு. இதற்குமேல் பழக்க தோஷத்தில் சாஸில் ஒரு சிட்டிகை போட்டால் தீர்ந்தது. ஓவனில் நீர் வற்றும்போது உப்பு இன்னும் ஏறும். புதிதாகச் செய்யும் ஒயிட் சாஸ் உப்பில்லாமலே இருக்கட்டும், எல்லாவற்றையும் கலந்தபின் ருசி பாருங்கள். பெரும்பாலும் உப்பு கேட்காது, புளிப்பும் காரமும்தான் கேட்கும். ஒரு கரண்டி கடுகு விழுதோ கொஞ்சம் மிளகுத்தூளோ அந்த மந்தமான ருசியைத் தட்டி எழுப்பும்.

பாக்கெட்டில் துருவி வரும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுத்தூள் சேர்த்திருப்பார்கள். மேலே தூவுவதற்குப் பரவாயில்லை, சாஸில் கரைப்பதற்குக் கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. இதுகூடப் பெரிய குற்றமில்லை. ஃப்ரிட்ஜைக் காலிசெய்யும் வேகத்தில் இனிப்பு சாஸ், ஊறுகாய், மீன், சாலட் இலை எல்லாவற்றையும் ஒரே தட்டில் தள்ளுவதுதான் குற்றம். ஒரு கறி, இரண்டு காய், ஒரு சாஸ் போதும். இனிப்பு சாஸ் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

ஓவனிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் வைக்கும் பொறுமைதான் எனக்கு இன்னும் வரவில்லை. சாஸ் இறுகுவதற்கு அந்த நேரம் வேண்டும். உடனே வெட்டினால் ஓடும்.

அதிலும் மீந்தால்? ஒருமுறை மீந்து, மறுபடி சூடாகி, மறுபடி மீந்ததைத் திரும்பத் திரும்பச் சுற்றில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அளவு அதிகம் என்று தெரிந்தால் பேக் செய்வதற்கு முன்பே பாதிக் கலவையைத் தனி டப்பாவில் எடுத்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் காலையிலேயே அதை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் மறுநாள் இளகியிருக்கும். வேகவைத்த முட்டை கலந்திருந்தால் மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு உறையவையுங்கள். உறைந்து இளகிய வெள்ளைக்கரு ரப்பர்போல ஆகிவிடும்.